செமினோமா

ஆண்களின் விதையில் வரும் புற்றுகளில் அடிக்கடி காணப்படும் வகை இது. பெயர் வைத்தவர் பாரிஸ் மருத்துவர் மோரிஸ் ஷெவாசு, 1906-இல். லத்தீனில் ‘செமென்’ என்றால் விதை. ‘ஓமா’ என்பது கட்டியைக் குறிக்கும் கிரேக்க விகுதி. தமிழிலும் விதை, விரை இரண்டுமே வித்துக்கும் உறுப்புக்கும் பொது. ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் கூசாமல் புழங்கும் சொல், உடம்பைப் பற்றியதென்றால் மட்டும் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுகளில், வலியே இல்லாமல் ஒரு பக்கம் கெட்டிப்படும். ஓதம் என்று விட்டுவிடுவார்கள். ஓதத்தில் இருப்பது நீர்; டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவும், கட்டியில் ஊடுருவாது. ஆனாலும் வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்து முடிவுகட்டக் கூடாது, ஸ்கேன் வேண்டும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலத்தில் எடுத்துவிடலாம். தொடக்கத்திலேயே வந்தால் 100 பேரில் 95-க்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். அறுவையும் தொடையிடுக்கின் மேலாகத்தான், விதைப்பையைக் கீறி அல்ல.