பூட்டுக்காரரின் மகன்

மின்சாரத்தைப் பற்றிப் படிக்கும் பிள்ளைகள் முதலில் நெட்டுருப் போடுவது ஓம் விதியை. பெயரைக் கேட்டுப் பிரணவ மந்திரத்துக்கும் இதற்கும் ஏதோ சம்பந்தம் என்று எண்ணிவிடாதீர்கள்! ஜார்ஜ் ஸைமன் ஓம் என்பவர், எர்லாங்கன் என்ற ஜெர்மன் ஊரில் 1789-ல் பிறந்தவர். தகப்பனார் பூட்டுச் செய்து பிழைத்தவர். ஆனால் தாமாகவே கணிதம் கற்று, பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தவர்.

விதி எளியதுதான். தொட்டி உயர இருந்தால் குழாயில் தண்ணீர் வேகமாக வரும். குழாய் நீண்டு குறுகியிருந்தால் வரத்துக் குறையும். கம்பியில் ஓடும் மின்சாரமும் ஏறக்குறைய அப்படியே. அழுத்தம் இரட்டித்தால் ஓட்டம் இரட்டிக்கும். தடை இரட்டித்தால் ஓட்டம் பாதியாகும். சுற்று எங்கேனும் அறுந்தாலோ, ஓட்டமே இல்லை.

இதைக் காண அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்போது கொலோன் நகரத்துப் பள்ளியில் உபாத்தியாயர். வோல்டா 1800-ல் உலகுக்கு அறிவித்த மின்கல அடுக்கைத்தான் முதலில் பயன்படுத்தினார். அதுவோ சற்று நேரத்தில் சோர்ந்துவிடும். படிக்கல்லே எடை மாறினால் வியாபாரி என்ன செய்வான்? பத்திரிகாசிரியர் போகென்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார். அதன்படி ஓம் செம்பையும் பிஸ்மத்தையும் இரண்டு இடங்களில் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரின் சூட்டிலும் மற்றதைப் பனிக்கட்டியின் குளிரிலும் வைத்தார். சூடும் குளிரும் மாறாதவரையில் அழுத்தமும் மாறாது. பிறகு வெவ்வேறு நீளமுள்ள செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் சேர்த்தார். மின்சாரம் ஓடும்போது காந்த ஊசி விலகும். அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர, அது தொங்கிய இழையை எவ்வளவு முறுக்க வேண்டியிருந்தது என்று குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் விதி பிறந்தது.

அரைச் சம்பள விடுமுறையில் பெர்லின் சென்று எழுதிய புத்தகம் 1827-ல் வெளிவந்தது. பண்டிதர்களில் பலர் அதை ஏளனம் செய்தார்கள். எதிர்பார்த்த சர்வகலாசாலைப் பதவி வரவில்லை. மனிதர் கொலோன் வேலையையும் விட்டுவிட்டார். 1841-ல் லண்டன் ராயல் சொஸைட்டி காப்ளி பதக்கம் அளித்தது. மியூனிக் சர்வகலாசாலையில் பேராசிரியரானது 1852-ல், அறுபத்து மூன்றாவது வயதில். 1854-ல் காலமாகிவிட்டார். மின்தடையின் அளவுக்கு அவர் பெயரைப் பாரிஸ் மகாநாடு சூட்டியது 1881-ல்.

வேடிக்கை என்னவென்றால், இதே உண்மையை 1781-லேயே ஓர் ஆங்கிலேயர் கண்டிருந்தார். ஹென்றி காவண்டிஷ் பிரபு வம்சத்தவர். வேலைக்காரியிடம்கூடச் சீட்டெழுதிப் பேசும் கூச்ச சுபாவி. உப்புநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் வழியே மின்சாரத்தைத் தம் உடம்பில் பாய்ச்சி, அதிர்ச்சி கூடிற்றா குறைந்ததா என்று பார்த்தே கணக்கிட்டார். கணக்கைக் காகிதத்தில் எழுதினார், வெளியிடவில்லை. வெளியிட்டு அவமதிப்பை ஏற்ற ஏழை உபாத்தியாயரிடமே என் மனம் சாய்கிறது.

அந்தக் காகிதங்களை மாக்ஸ்வெல் தேடித் தொகுத்து 1879-ல் பிரசுரித்தார். அதற்கு முன்பு, தம் உடம்பிலும் பிறர் உடம்பிலும் மின்சாரத்தைப் பாய்ச்சி, காவண்டிஷின் முறையைப் பரீட்சித்தும் பார்த்துக்கொண்டார்.