பனை: ஏறியவர்களும் எழுதியவர்களும்

வத்திராயிருப்பிலிருந்து சதுரகிரி அடிவாரத்துக்குப் போகிற பாதையில் மகாராஜபுரம் இருக்கிறது. தென்னையும் மாவும் செழித்த பூமி. பனைக்குக் கிடைத்ததென்னவோ வரப்பும் கண்மாய்க் கரையும்தான். இந்தப் பக்கம் பனை என்று பேச்செடுத்தால் நுங்கு, பதனீர், ஓலைப்பெட்டி என்று வாய்நிறையச் சொல்வார்கள். 'உங்க வீட்ல யாரு ஏறுனது?' என்று கேட்டால் பேச்சு நின்றுபோகும். அந்த மௌனத்தையே ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்கிறேன்.

1978இல் மாநில மரமாக்கப்பட்ட பனையைக் 'கற்பகத் தரு' என்று கொண்டாடும் சொல்லாடல் பயன்களை அடுக்கும். உழைக்கும் உடலைப் பேசாது. காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, நாளொன்றுக்கு முப்பது நாற்பது மரம், அதுவும் காலையும் மாலையும். பாளையை இடுக்கி நசுக்கி, நுனி சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு தப்பினால் பதனீர் கள்ளாகிவிடும். இறக்கியதை விடிலிப் புகையில் கண் எரியக் காய்ச்சியவர்கள் பெண்கள். கருப்பட்டிக்கு உடன்குடி என்று ஊர்ப்பேராவது உண்டு, காய்ச்சியவளுக்கு அதுவும் கிடையாது.

ஓலையின் கதை இன்னும் முரணானது. சங்க நூல்கள் நம் கைக்கு வந்ததே ஓலையில்தான். அதை மரமேறி வெட்டியவனைப் பற்றி விரிவாக எழுதியதோ காகிதம்: 1849இல் கால்டுவெல் வெளியிட்ட 'திருநெல்வேலிச் சாணார்'. மரத்தோடு சாதியைச் சேர்த்துக் கட்டிய அந்நூலுக்கு அச்சமூகத்திலிருந்தே பின்னாளில் கடும் எதிர்ப்பு எழுந்தது. எழாமல் இருக்குமா?

மகாராஜபுரத்துக்குக் கிழக்கே சிவகாசியிலும் விருதுநகரிலும் வரலாறு வேறுமாதிரி நகர்ந்தது. வண்டிப்பேட்டை, உறவின்முறை, மகமை. அந்த மகமைக் காசில்தான் 1889இல் விருதுநகரில் சத்திரிய வித்யாசாலை எழுந்தது. 1899இல், கோயில் உரிமை கோரியதை ஒட்டி மூண்ட பகையில், சிவகாசி தாக்கப்பட்டது. 1921இல் அரசு ஆவணங்களில் 'நாடார்' என்ற பெயர் ஏறியது. சமூகத்தில் ஏறுவதற்கு மரத்தைவிட்டு இறங்க வேண்டியிருந்தது. ஆக, 'மரபை ஏன் விட்டீர்கள்?' என்று இவர்களிடம் கேட்கிறவனுக்கு மரபும் தெரியாது, மரமும் தெரியாது.

இறங்க வழியில்லாதவர்கள் மரத்திலேயே இருந்தார்கள். 1987இலிருந்து கள் இறக்குவது குற்றம். 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்தி மது விற்கிறது. 2021 வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றது. 76 லட்சம் விதைகள் தரப்படும் என்றும் சொன்னது. விதை முளைத்துப் பாளை தள்ளப் பதினைந்து வருசமாவது ஆகும். அதற்குள் மகாராஜபுரத்துப் பக்கம் தளைநார் மாட்டத் தெரிந்தவர் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?