எழில்: நிரல்மொழியில் தமிழ்த் தொடரமைப்பு
முத்தையா அண்ணாமலை 2009இல் ஆய்வுரை வழி அறிமுகப்படுத்திய கட்டற்ற நிரல்மொழி ‘எழில்’, பைத்தானில் இயற்றப்பட்டது. ‘பதிப்பி’, ‘முடி’ முதலிய தமிழ்க் கட்டளைச் சொற்களினும் அதன் தொடரமைப்பே வரலாற்று நோக்கில் கருதத்தக்கது. ஆங்கிலவழி மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்வரும். எழிலிலோ ‘@(மதிப்பு > 10) ஆனால்’ எனத் தமிழ் வழக்கிற்கேற்பப் பின்வரும்.

தமிழில் நிரல் எழுதுவோர்க்குப் பிழை எழுத்திலும் ஒளிந்திருக்கலாம். ஒருங்குறியில் ‘கொ’ என்பதை ஒரே ஒகரக் குறியாலும், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரு குறிகளாலும் அமைக்கலாம். தோற்றத்தில் ஒன்றான இரு பெயர்கள், குறிகளை ஒருமைப்படுத்தாவிடின், கணினிக்கு வெவ்வேறாகும்.

பாரிஸ் மார்க்ஸ் டோர்மோய் முதலான புலம்பெயர் வாழிடங்களில் பிறமொழிவழிக் கற்கும் தமிழ்ச் சிறார்க்கு, இவ்விரண்டும் கணினிப் பாடமாவதோடு இலக்கணப் பாடமுமாகும்.