தன்னை அறிதலும் தரம் பிரித்தலும்

“உமது பலம் யாது? பலவீனம் யாது?” வேலை தேடிச் செல்லும் இளைஞரிடம் இன்று அடிக்கடி கேட்கப்படும் வினா இது. சில இடங்களில் இதற்கென வினாக்கொத்தே கொடுக்கப்படுகின்றது. விடைகளைக் குறித்துக் கொடுத்ததும் அவர்தம் ஆளுமை இன்னதெனத் தீர்ப்பாகிவிடுகின்றது. இவ்வினா எவருடைய தேவைக்காகப் பிறந்தது என்பதை நோக்குதல் பயனுடைத்து.

தன்னைத்தான் ஆராயும் வழக்கம் பழையது. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெஞ்சமின் பிராங்கிளின் 13 நற்பண்புகளைச் சிறு ஏடொன்றில் வரைந்து, வாரத்துக்கு ஒரு பண்பைச் சிறப்பாகக் கவனித்து, தவறிய நாள்களுக்குக் கரும்புள்ளி இட்டுவந்தார். அங்கே வினவியவரும் அவரே. விடை பகர்ந்தவரும் அவரே. ஏடும் அவர் கையிலேயே இருந்தது.

அந்த ஏடு பிறர் கைக்கு மாறியமைக்கு முதலாவது உலகப் போர் பெருங் காரணமாயிற்று. அகழிகளிற் கிடந்த படைவீரர் பலர், உடலிற் காயமின்றியே நடுக்கமுற்றும் பேச்சிழந்தும் வீழ்ந்தனர். அதனை ‘ஷெல் அதிர்ச்சி’ என்றனர். 1917இல் போரிற் புகுந்த அமெரிக்கா, இத்தகையோரை முன்கூட்டியே கண்டு விலக்க விரும்பியது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் றொபேட் வூட்வேர்த், ‘ஆம்’, ‘இல்லை’ என விடையளிக்கத்தக்க 116 வினாக்களை இதற்கென ஆக்கினார். அவை படையில் வழக்குக்கு வருமுன்னரே, 1918 நவம்பரில் போர் ஓய்ந்தது. ஆயினும் பின்வந்த ஆளுமை வினாக்கொத்துகளுக்கு அதுவே முன்னோடியாயிற்று.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மனிதனை நிலைகுலைத்தது போர். குறை தேடப்பட்டதோ மனிதனின் உள்ளத்தில். கொலைக்களத்தில் நடுங்குதல் பலவீனம், நடுங்காதிருத்தல் பலம் என வகுத்தது படையின் தேவையேயன்றி வேறில்லை.

படையின் வழியிலே முதலாளிகளும் சென்றனர். 1943இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்து அறிஞர் இருவர், மருத்துவமனை நோயாளரை அறிந்துகொள்ளும் பொருட்டு, 500இற்கு மேற்பட்ட கூற்றுகள் கொண்ட சோதனையொன்றை வெளியிட்டனர். நோயாளருக்கென எழுந்த அது, நாளடைவில் வேலை கேட்போர் முன்னும் வைக்கப்பட்டது. 1989இல் கலிபோர்ணியாவில், கடைக் காவலர் வேலைக்கு விண்ணப்பித்தோர் சிலர், அச்சோதனையையும் உள்ளடக்கிய 704 வினாக்களை எதிர்த்து வழக்காடினர். மதநம்பிக்கை, பாலியல் நாட்டம் ஆகியன பற்றிய வினாக்களுக்கும் அவ்வேலைக்கும் உள்ள தொடர்பு காட்டப்படவில்லை என 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 1993இல் நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது.

இத்தகைய முடிவுகளை நாம் எளிதில் நம்பிவிடுகின்றோம் என்பதும் உண்மையே. 1948இல் பேட்றம் போறர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் தம் மாணவர் 39 பேருக்குச் சோதனையொன்றை நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறிக்கை எனச் சொல்லி ஒரே அறிக்கையை வழங்கினார். அதன் வாசகங்கள் பெரும்பாலும் மலிவான சோதிட நூலொன்றிலிருந்து எடுக்கப்பட்டவை. அறிக்கை எவ்வளவு பொருந்துகின்றதென 5 புள்ளிகளுக்கு மதிப்பிடச் சொன்னபோது, சராசரி 4இற்கு மேற்பட்டது!

உளவியலாய்வு யாவும் வீணென்பது எமது கருத்தன்று. தன் குறை நிறைகளை உணர்பவனே திருந்தவும் வளரவும் வல்லவன். ஆனால் வினவுபவர் யார், விடை எவர் கையில் இருக்கும், பலமென்று பெயரிடுவது எவர் நலனுக்காக என்பவற்றையும் உடன் கேட்டல் வேண்டும்.

ஆசிரியராகிய நாமும் இக்குற்றத்துக்குப் புறம்பானவரல்லேம். ஒரு தவணை முடிவில், வகுப்பில் உறங்கி விழும் மாணவனொருவனின் தேர்ச்சி அறிக்கையில் ‘சோம்பல்’ என எழுதினோம். விடியுமுன் தந்தையோடு தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிவிட்டே அவன் பாடசாலைக்கு வருகின்றான் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவன் உள்ளத்திற் குறை தேடிய நாம், அவன் விடியற்காலையைப் பற்றி ஒரு வினாவேனும் கேட்டிலோம். அடுத்த தவணை அச்சொல்லை எழுதவில்லை. ஆயின் முன்னர் எழுதியது அந்த அறிக்கையில் இன்னும் இருக்கின்றது.