ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ்: ஸ்கெட்ச் பிளாக்கை எப்படிப் பயன்படுத்துவது? எங்கே கவனம் தேவை?

ஹைதராபாத்தில் மும்பை நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது ராமச்சந்திராபுரம். 1960களில் வந்த பெல் ஆலையோடு வளர்ந்த பகுதி இது. ஏறக்குறைய அதே காலத்தில், அதே செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு உருவானதுதான் திருச்சி பெல். திருச்சியில் பாய்லர் தயாராகிறது. ராமச்சந்திராபுரத்தில் டர்பைன், கம்ப்ரசர், பம்ப் தயாராகின்றன. வெவ்வேறு ஊர்களில் செய்த பாகங்கள் எங்கோ ஒரு மின் நிலையத்தில்தான் முதன்முறையாக ஒன்றுசேரும். அங்கே துளையோடு துளை பொருந்தணும். பொருந்துமா என்பது டிராயிங்கிலேயே முடிவாகிவிடுகிறது.

இப்படிப்பட்ட ஆலையிலோ, அதற்கு உதிரிபாகம் செய்து தரும் யூனிட்டிலோ நீங்கள் டிசைன் வேலை பார்த்தால், ஒரே உருவம் திரும்பத் திரும்ப வரும்: ஃபிளாஞ்ச் துளைகள், கீவே, வால்வு குறியீடு. இவற்றை காப்பி-பேஸ்ட் செய்யலாம், பிளாக்காகவும் மாற்றலாம். இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் தெரிவது, திருத்தம் வரும் நாளில்.

பிளாக் என்றால் என்ன?

பல கோடுகளையும் வட்டங்களையும் சேர்த்து, ஒரு பெயர் கொடுத்து, ஒரே பொருளாக வைத்துக்கொள்வதுதான் பிளாக். மூலம் ஒன்று, அதைக் காட்டும் பிரதிகள் பல. மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் எல்லாமே மாறும்.

யோசனை புதிதல்ல. 1963இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' மென்பொருளிலேயே இந்த மூலம்-பிரதி முறை இருந்தது.

எப்படி உருவாக்குவது?

ஒரு ஃபிளாஞ்சை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய தரமான இஎன் 1092-1இன்படி, டிஎன்100 பிஎன்16 ஃபிளாஞ்சுக்கு 8 துளைகள். ஒவ்வொன்றும் 18 மி.மீ. துளை மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம், அதாவது பிசிடி, 180 மி.மீ.

1. முதலில் அளவுகளை முழுமையாகக் கொடுத்து வரையுங்கள்.

2. ஆட்டோகேடில் 'பி' என்று தட்டினால் பிளாக் பெட்டி திறக்கும். சாலிட்வொர்க்ஸில் டூல்ஸ் மெனுவில் 'பிளாக்ஸ்', அதில் 'மேக்'.

3. செருகும் புள்ளியாக ஃபிளாஞ்சின் மையத்தையே வையுங்கள். ஏதோ ஒரு மூலையை வைத்தால், ஒவ்வொரு முறையும் நகர்த்திப் பொருத்தணும்.

4. பெயரைப் பார்த்தாலே விஷயம் புரியணும். 'ஃபிளாஞ்ச்-2' வேண்டாம், அளவும் தரமும் பெயரிலேயே இருக்கட்டும்.

ஆட்டோகேடில் இன்னொன்று: பிளாக்குக்குள் இருக்கும் கோடுகளை '0' லேயரில், 'பைலேயர்' அமைப்பில் வரையுங்கள். அப்போதுதான் செருகும் லேயரின் நிறத்தையும் கோட்டு வகையையும் அவை எடுத்துக்கொள்ளும்.

எங்கே சறுக்கும்?

முதல் ஆபத்து, ஸ்கேல். டிஎன்100 பிளாக்கைப் பெரிதாக்கி டிஎன்150 ஆக்கிவிடலாம் என்று தோன்றும். பிசிடி 180இலிருந்து 240க்குப் போகும், சரிதான். ஆனால் 18 மி.மீ. துளையும் கூடவே 24 ஆகிவிடும். தரம் சொல்வதோ 22. ஒவ்வொரு அளவுக்கும் தனி பிளாக் வையுங்கள்.

இரண்டாவது, ஒரே தோற்றம். அமெரிக்க தரத்தில் 4 அங்குல, 150 கிளாஸ் ஃபிளாஞ்சுக்கும் 8 துளைகள்தான். ஆனால் அதன் பிசிடி 190.5 மி.மீ. திரையில் கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசம், சைட்டில் போல்ட் ஏறாமல் நிற்கும்போதுதான் தெரியும்.

மூன்றாவது, 'எக்ஸ்ப்ளோட்'. ஒரே ஒரு கோட்டை மாற்ற பிளாக்கை உடைத்தால், அந்தப் பிரதிக்கு மூலத்தோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். அடுத்த திருத்தம் அதற்குப் போய்ச் சேராது. உடைக்காமல் ஆட்டோகேடில் பிளாக் எடிட்டரையும், சாலிட்வொர்க்ஸில் 'எடிட் பிளாக்'கையும் பயன்படுத்துங்கள்.

மூலத்தை மாற்றினால் எல்லா டிராயிங்கும் மாறுமா?

பலர் குழம்புவது இங்கேதான். ஆட்டோகேடில் பிளாக்கின் விவரம் அந்தந்த டிராயிங் ஃபைலுக்குள்ளேயே சேமிக்கப்படும். எனவே ஒரு ஃபைலில் திருத்தினால் அந்த ஃபைல் மட்டும்தான் மாறும். பழைய அளவோடு மற்றவை அப்படியே இருக்கும். சாலிட்வொர்க்ஸில் பிளாக்கைத் தனி ஃபைலாகச் சேமித்து, செருகும்போது 'லிங்க் டு ஃபைல்' தேர்வு செய்தால் திருத்தம் மற்ற டிராயிங்குகளுக்கும் போகும்.

அது வசதியா, ஆபத்தா? இரண்டும்தான். ஒப்புதல் பெற்று, ஷாப் ஃப்ளோருக்குப் போய், பாகமும் தயாரான பிறகு, யாரோ மூலத்தைத் தொட்டால் அந்தப் பழைய டிராயிங்கும் அடுத்த முறை திறக்கும்போது மாறிவிடக்கூடும். கையில் இருக்கும் பாகம் ஒன்று, டிராயிங் காட்டுவது வேறொன்று.

என்ன செய்யலாம்?

பிளாக் லைப்ரரிக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்த முடியாது என்று ஃபோல்டரை அமையுங்கள். அளவு மாறினால் பழைய பிளாக்கைத் தொடாமல், திருத்த எண் சேர்த்துப் புதுப் பெயரில் சேமியுங்கள். லைப்ரரியில் சேர்க்கும் முன் இன்னொருவர் தரப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். காப்பி-பேஸ்டில் நேரும் தப்பு ஓரிடத்தோடு நிற்கலாம். பிளாக்கில் இருக்கும் தப்போ, அதைச் செருகிய இடமெல்லாம் போகும்.