துறைமுக மொழிகளும் கணினி மொழிகளும்: பரவலும் தகுதியும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மொழியொன்று பரவலாக வழங்குவதற்கும் அது தகுதியிற் சிறந்ததாயிருப்பதற்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினா மொழியியலாளர்க்கு மட்டும் உரியதன்று. கணினிக்குக் கட்டளையிடுவதற்கென ஆக்கப்பட்ட செய்நிரல் மொழிகள் பற்றியும் இவ்வினா ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகின்றது. எம்மொழி சிறந்தது, எம்மொழியைப் பலர் கையாளுகின்றனர், பலர் கையாளுவதே சிறப்புக்குச் சான்றாகுமா என்பன செய்நிரலரிடையே ஓயாது நிகழும் வாதங்களாகும். இவ்வாதங்களை எடைபோடுவதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தின் மொழி வரலாறு தக்கதோர் உரைகல்லாக அமைகின்றது. எனவே அதனை முதற்கண் சுருக்கமாக நோக்குதல் பொருந்தும்.

1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அம்மலையிலே கோட்டை அமைத்தனர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782இல் பிரெஞ்சுக்காரர் வசமாகிப் பின்னர் ஒல்லாந்தரிடம் மீண்ட கோட்டை, 1795இல் ஆங்கிலேயரைச் சேர்ந்தது. அவர்தம் கடற்படைத் தளம் 1957இலேயே இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. இங்குப் போர்த்துக்கேயர் நிலைத்திருந்த காலம் இருபது ஆண்டுகளுக்கும் குறைவு. ஒல்லாந்தரோ, ஆட்சி கைமாறிய இடைக்காலங்களைக் கழித்து நோக்கினும், நூறாண்டுகளுக்கு மேல் ஆண்டனர். ஆயினும் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியர் இல்லங்களில் இன்றளவும் எஞ்சி நிற்பது போர்த்துக்கேயத்தின் வழிவந்த கலப்பு மொழியேயாம். தமிழில் வழங்கும் மேசை, அலுமாரி, சாவி, சன்னல் முதலியனவும் போர்த்துக்கேயர் தந்த சொற்களே. ஒல்லாந்த மொழி கந்தோர், கக்கூசு போன்ற சில சொற்களை மட்டும் விட்டுச்சென்றது.

இதற்குக் காரணம் யாது? இந்து சமுத்திரத் துறைமுகங்களிற் போர்த்துக்கேயம் ஏற்கெனவே வணிகப் பொதுமொழியாக வேரூன்றியிருந்தது. சந்தையிலும் அடுக்களையிலும் அதுவே வழங்கிற்று. அதனை அடக்கித் தம் மொழியைப் பரப்ப ஒல்லாந்த ஆட்சியாளர் ஆணைகள் பிறப்பித்தும் வெற்றி காணவில்லை. ஒரு மொழியிலே தொழிலும் வாழ்வும் அமைந்துவிட்டபின், ஆட்சி மாறுவதனால் மட்டும் அம்மொழி மாறிவிடுவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

கணினி மொழிகளின் வரலாற்றிலும் இத்தகைய நிகழ்வுகளைக் காணலாம். தொடக்கத்திற் கணினிக்கான கட்டளைகள் பொறியின் குறியீடுகளிலேயே எழுதப்பட்டன. ஜோன் பக்கஸ் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் ஆக்கிய போர்ட்ரான் 1957இல் வெளிவந்தது. கணித வாய்பாட்டை ஒத்த வடிவில் எழுதப்படுவதைப் பொறிமொழிக்குத் தானே மாற்றிக்கொள்ளும் அம்முறையைப் பலர் ஐயுற்றனர். மனிதர் நேரே எழுதும் கட்டளைகளின் வேகம் இதற்கு வாராது என்பதே அவர்தம் வாதம். வேகத்திற் குறைவில்லை என்று கண்டபின்னரே அறிவியலாளர் அதனை ஏற்றனர்.

வணிகத் துறைக்கென 1959இல் கோபோல் மொழி வகுக்கப்படலாயிற்று. அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த கிறேஸ் ஹொப்பர் முன்னர் ஆக்கிய மொழி இதற்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. தக்க காரணம் காட்டப்பட்டாலன்றிக் கோபோல் இயங்காத கணினிகளை வாங்குவதில்லை என 1960இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் அறிவித்தது. கணினி ஆக்குவோர் அனைவரும் அதனை ஏற்க நேர்ந்தது.

இதே காலத்தில் ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர்கள் கூடி வகுத்த அல்கோல் 60, அமைப்பின் செம்மையால் அறிஞரின் பெருமதிப்பைப் பெற்றது. எனினும், தரவுகளை உட்கொள்ளவும் விடைகளை வெளியிடவும் வேண்டிய முறைகள் அதன் வரையறையில் இடம்பெறவில்லை. போர்ட்ரானைத் தன் பொறிகளோடு பரப்பிய ஐ.பி.எம். நிறுவனமும் இதனைப் பெரிதும் ஊக்குவிக்கவில்லை. எனவே தொழிற்றுறையில் அல்கோல் பரவவில்லை. ஆனால் 1970இல் நிக்கொலஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கல், 1970களின் தொடக்கத்தில் டெனிஸ் ரிச்சி ஆக்கிய சீ ஆகியவற்றின் அமைப்பிலே அல்கோலின் இலக்கணம் தொடர்ந்து வாழ்ந்தது. பரவாத மொழியும் தன் தகுதியைப் பிற மொழிகளுக்கு ஈந்து செல்லும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

மொழிகள் பெருகவே வாதங்களும் கடுமையாயின. கட்டளைத் தொடரில் நினைத்தவாறு தாவிச் செல்லும் வழக்கம் தீங்கானது என 1968இல் எட்ஸ்கர் டைக்ஸ்ற்ரா எழுதிய கடிதம் பெரும் விவாதத்தை எழுப்பிற்று. கோபோலைக் கற்பித்தல் குற்றமாகக் கொள்ளத்தக்கது என்றும் அவர் 1975இற் சாடினார். கலைப்பிரிவு மாணவரும் கணினியைக் கையாள வேண்டும் என்னும் நோக்குடன் கெமனி, கேர்ட்ஸ் ஆகிய பேராசிரியர் இருவர் 1964இல் ஆக்கிய பேசிக் மொழியும் அவர் கண்டனத்துக்குத் தப்பவில்லை. பாஸ்கலின் குறைகளை விரித்து 1981இற் பிரையன் கேர்னிகன் கட்டுரை எழுதினார். இவற்றை வெறும் சண்டையெனத் தள்ளிவிடல் தகாது. தாவற் கட்டளைக்கெதிரான வாதமே பின்வந்த மொழிகளின் அமைப்பைச் செம்மைப்படுத்தியது.

ஆணையின் எல்லையை உணர்த்துவது அடா மொழியின் வரலாறு. தன் பணிகளிற் பல நூறு மொழிகள் வழங்குவதைக் கண்ட அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம், அவற்றுக்குப் பதிலாக ஒரே மொழியை 1980களில் நிலைநிறுத்த முயன்றது. ஆராய்ந்து வகுக்கப்பட்ட அடா தகுதியிற் குறைந்ததன்று. ஆயினும் செய்நிரலர் ஏற்கெனவே சீ முதலிய மொழிகளிலே பழகிவிட்டனர். ஈற்றில் 1997இல் அக்கட்டாயம் கைவிடப்பட்டது. கோபோலுக்கு ஆணை துணைநின்றபோது, அது நிரப்பவேண்டிய இடம் பெரிதும் வெறுமையாயிருந்தது. அடாவுக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. திருகோணமலையில் ஒல்லாந்த மொழிக்கு நேர்ந்ததும் இதுவேயாம். மறுபுறம், அறிஞர் பழித்த கோபோலோ நிலைத்தது. 2020இல் நோய்த்தொற்றுக் காலத்திலே வேலையிழந்தோர் கொடுப்பனவு முறைமை தத்தளித்தபோது, கோபோல் அறிந்தவர்கள் உதவ முன்வருமாறு நியூ ஜேர்சி மாநில ஆளுநர் வேண்டுகோள் விடுத்தமை இதற்குச் சான்று.

இவ்வரலாறு திருகோணமலை மாணவர்க்கு அயலானதன்று. இலங்கைப் பாடசாலைகளின் தகவல் தொழினுட்பப் பாடத்திலே பாஸ்கலும் பைதனும் இடம்பெற்றுள்ளன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திற் கணினி விஞ்ஞானம் பயிலப்படுகின்றது. பைதனை 1991இல் வெளியிட்ட கைடோ வான் ரொஸம் ஓர் ஒல்லாந்தர் என்பது சுவையானதொரு செய்தி. தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவன் பாய்ச்சற் கோட்டுப்படத்தைத் தமிழில் வரைகின்றான். போலிக் குறிமுறையைத் தமிழில் விளங்கிக்கொள்கின்றான். கணினியின் முன் அமர்ந்ததும் ஆங்கிலச் சொற்களுக்கு மாறுகின்றான். சிந்தனைக்கும் செயலுக்கும் இடையிலான இவ்விடைவெளியைக் குறைக்க எழுந்த முயற்சிகளுள் முத்தையா அண்ணாமலை ஆக்கிய 'எழில்' குறிப்பிடத்தக்கது. அதன் கட்டளைச் சொற்கள் தமிழ். நிபந்தனை முன்னும் 'ஆனால்' என்னும் சொல் பின்னுமாகத் தமிழ் வாக்கிய ஒழுங்கையே அது தழுவுகின்றது. பறங்கியர் மொழியிலும் சொற்கள் போர்த்துக்கேயமாக, வாக்கிய ஒழுங்கு பெரிதும் தமிழைத் தழுவியதாகவே அமைந்துள்ளது.

எழில் போன்ற மொழிகள் பரவாமையைக் காட்டி, தமிழ் கணினிக்குத் தகுதியற்றது என்பாருமுளர். பரவலைத் தகுதிக்கு அளவுகோலாக்கும் பிழை இவ்வாதத்தில் உள்ளது. அதேவேளை, தகுதியொன்றே போதும் எனப் பெருமை பேசியிருப்பதும் அல்கோலின் வரலாற்றை மறந்ததாகும். போர்த்துக்கேயம் நிலைத்தது அதனைக் கொண்டு மக்கள் தொழில் புரிந்தமையால். கோபோல் நிலைத்தது அதிலே கணக்குகள் எழுதப்பட்டமையால். தமிழிற் பாடநூல்களும் பயிற்சிகளும் பயன்தரு செய்நிரல்களும் பெருகுமாயின், கணினியுலகில் அதற்கும் ஓர் இடம் அமையும். அவ்விடத்தை ஆக்குவது இன்று கற்கும் தலைமுறையின் உழைப்பாகும்.