டப்பா மாத்திரை, அட்டை மாத்திரை

எண்பதுகளில் நான் மருந்தாளுநராகச் சேர்ந்தபோது, தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாத்திரைகள் ஆயிரம் ஆயிரமாக டப்பாவில் வரும். மூடியைத் திறந்ததும் ஆஸ்பிரினில் காடி வாடை அடித்தால், ஈரம் பட்டுச் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். நல்லதைப் பொறுக்கி, எண்ணி, தாளில் மடித்துக் கொடுப்போம். மிக்ஸ்சருக்கு நோயாளிதான் பாட்டில் கொண்டுவர வேண்டும். பாதி ஆண்டிலேயே சில மருந்துகள் தீர்ந்துவிடும். அப்புறம் வெளிச்சீட்டுதான். "கம்பவுண்டர் ஐயா, இது எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிட்டு, சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே பஸ் ஏறிய பெண்களை எனக்குத் தெரியும். மருந்துக்கடை எதிரில்தான் இருந்தது.

அரசு மருந்துக்குப் பணம் ஒதுக்காமல் இல்லை. கொள்முதல் சிதறிக் கிடந்ததால் அந்தப் பணம் மருந்தாக எங்கள் அலமாரிக்கு வந்து சேரவில்லை.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மருந்து வரத் தொடங்கியது. அதன் அமைப்பில் முன்னின்றவர் ஆர். பூர்ணலிங்கம் ஐ.ஏ.எஸ். மாநிலம் முழுமைக்கும் ஒரே அத்தியாவசிய மருந்துப் பட்டியல். கம்பெனிப் பெயர் கிடையாது, மூலப்பெயர் மட்டும். டெண்டரில் இரண்டு உறைகள்: தொழில்நுட்பத் தகுதி தேறினால்தான் விலை உறையைப் பிரிப்பார்கள். கிடங்குக்கு வரும் சரக்கில் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் யாரென்று தெரியாதபடி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே அவர்களைக் கும்பிடலாம். டப்பா போய் அட்டை வந்தது, அரசு முத்திரையோடு. ஆஸ்பத்திரிக்கு ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். அதில் எங்களுக்கான தொகை வரவாகியிருக்கும், மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்க எடுக்கக் கழியும். எது தேவை என்பதை எங்கள் ஊர் நோயாளிகளைப் பார்த்து நாங்களே முடிவு செய்தோம். கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதே வழியில் கழகம் அமைத்தன.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. பல குடும்பங்களைக் கடனிலிருந்து காத்த நல்ல திட்டம்; ஆனால் அது பெரிய சிகிச்சைக்கும் அறுவைக்கும் உரியதாக இருந்தது. சுகர்காரருக்கு ஆயுள் முழுக்க வேண்டியது மெட்ஃபார்மின். அதற்குக் காப்பீட்டு அட்டை உதவாது, ஆஸ்பத்திரி ஜன்னல்தான் உதவும். ஏழையின் கைக்காசு கரைவது பெரும்பாலும் இந்த அன்றாட மாத்திரையில்தான்.

அந்த ஜன்னலுக்கு வருவதற்கே ஒரு நாள் கூலியை இழப்பவர்கள் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனது. என் பணிக்காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. விலை குறைவு, நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரிய உதவி. ஆனாலும் அவை விற்பனைக் கடைகள். மலிவு விலை இலவசத்துக்கு ஈடாகாது. அதைக் காட்டி ஆஸ்பத்திரி இருப்பைக் குறைக்க என்றும் இடம் தரக்கூடாது.

அரசு ஆஸ்பத்திரியில் யாராவது உங்களிடம் "வெளியே வாங்கிக்கோங்க" என்று சீட்டை நீட்டினால், பேசாமல் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். அந்த மருந்து ஏன் இருப்பில் இல்லை, எப்போது வரும் என்று மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள்.